பலகையிலிருந்து ஆறடிக் கம்பு இழைப்பது: நாரோட்டம், எண்கோணம், எண்ணெய் பற்றிய சந்தேகங்கள்

புதுஉளி (கேள்வி)

வணக்கம். கம்புச்சண்டைப் பயிற்சிக்கு ஒரு மரக்கம்பு கையாலேயே செய்யப் போறேன். நீளம் 182 செ.மீ, பருமன் முனைக்கு முனை ஒரே சீரா 28 மி.மீ. ஜோடிப் பயிற்சியில கம்பும் கம்பும் மோதும், அதனால பார்க்க அழகா இருந்தா மட்டும் போதாது.

கையில ஒரு ஆஷ் மரப் பலகை இருக்கு. 38 மி.மீ கனம், 15 செ.மீ அகலம், 2 மீட்டர் நீளம், நல்லா உலர்ந்தது. கருவின்னு பார்த்தா கை ரம்பம், நடுத்தர இழைப்புளி, ஒரு கையால பிடிக்கிற சின்ன இழைப்புளி, மார்க்கிங் கேஜ் (ஓரத்துக்கு இணையா கோடு கீறற கருவி), மூலைமட்டம், அரம், உப்புத்தாள். கடைசல் இயந்திரம் கிடையாது.

கேட்க வேண்டியது நாலு. பலகையில எந்தப் பகுதியை அறுத்து எடுக்கறது? ஓரத்துல ரேகை நேரா ஓடுது, நடுவுல கூம்பு கூம்பா இருக்கு. சதுரத்தை எண்கோணம் ஆக்கணும்னு தெரியும், ஆனா கோடு எந்தத் தூரத்துல போடணும்? ரூட்டர் (சுழலுற அலகால மரத்தைச் செதுக்கற மின்கருவி) இரவல் கிடைக்கும், அதுல செஞ்சா சுலபமா? கடைசியா வார்னிஷா, எண்ணெயா? இன்னொண்ணு: முடிச்ச கம்பு தாங்குமான்னு மோதிப் பார்க்காமலே கண்டுபிடிக்க வழி உண்டா?

நாரோட்டம்

உங்கள் கடைசிக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பலகையில் ரம்பத்தை எந்தக் கோட்டில் வைக்கிறீர்களோ, அங்கேயே கம்பின் ஆயுள் முடிவாகிவிடும். எவ்வளவு அழகாக உருட்டினாலும் தவறான இடத்தில் அறுத்த துண்டைக் காப்பாற்ற முடியாது.

நார் கம்பின் நீளத்தோடு ஓடினால் அடி விழும்போது கம்பு வளைந்து மீளும். நார் சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறினால் அந்தச் சாய்விலேயே பிளக்கும். பிளந்த துண்டின் முனை ஈட்டி போலக் கூராக இருக்கும், ஆபத்தே அதுதான். சாய்வை அளக்க, நீளத்தில் 20 செ.மீ போகும்போது நார் பக்கவாட்டில் எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். 1 செ.மீக்குள் இருந்தால் மோதும் பயிற்சிக்குக் கொடுக்கலாம். 2 செ.மீ என்றால், அதாவது 10க்கு 1 சாய்வு, 28 மி.மீ பருமனில் ஒரு நார் 28 செ.மீ தூரத்துக்குள் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறிவிடும். அதைத் தனியாகச் சுழற்றிப் பழக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பலரும் ஏமாறும் இடம் நாரைப் பார்க்கும் விதம். அகன்ற முகத்தில் தெரியும் கூம்பு ரேகை ஆண்டு வளையங்களின் வெட்டுத் தோற்றம். நாரின் திசை அதுவல்ல. அந்த முகத்தில் வளையக் கோடுகளை விட்டுவிட்டு, ஆஷ் மரத்தின் நுண்துளைகள் சின்னச் சின்னக் கீறல்களாகத் தெரிகின்றனவே, அவை எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். வளையங்கள் இணைகோடுகளாகத் தெரியும் பக்கத்தில் மட்டும் வளையக் கோட்டை நம்பலாம். இரண்டு முகங்களையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஒன்றில் நூல் பிடித்தது போல் இருக்கும், மற்றதில் சாய்ந்து ஓடும். சந்தேகம் தீராவிட்டால் இழைத்த பரப்பில் ஒரு சொட்டுப் பேனா மை விடுங்கள், மை நாரோடு நீளும். இன்னும் உறுதியான வழி, பலகை முனையிலிருந்து ஒரு துண்டு வெட்டி உளி வைத்துப் பிளப்பது. பிளவு போன வழிதான் நார் போகும் வழி.

பிறகு நாருக்கு இணையாகக் கோடு போடுங்கள், பலகையின் ஓரத்துக்கு இணையாக அல்ல. 15 செ.மீ அகலம் இருப்பதால் கோட்டைச் சாய்த்துப் போட இடம் தாராளமாக உண்டு. இரண்டு பக்கமும் முக்கோணமாக மரம் வீணாகிறதே என்று பார்க்காதீர்கள்.

தள்ள வேண்டியவை: கணு, அது குண்டூசித் தலை அளவு இருந்தாலும், குறிப்பாக நடு மூன்றில் ஒரு பங்கில், மரத்தின் நடுச்சோறு ஓடும் துண்டு, இழைத்ததும் நாருக்குக் குறுக்கே மயிரிழைச் சுருக்கமாகத் தெரியும் கோடு. இந்தச் சுருக்கம் மரம் நின்றபோது காற்றிலோ விழுந்தபோதோ நார் நசுங்கியதன் தடயம். அந்த இடத்தில் கம்பு சிராய் கூட விடாமல் பட்டென்று இரண்டாகும், முன்னெச்சரிக்கையே இருக்காது.

வளையம் நெருக்கமாக இருந்தால் மரம் உறுதி என்ற பேச்சு ஆஷ், ஹிக்கரி, ஓக் மூன்றுக்கும் பொருந்தாது. இவற்றில் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கமும் துளை நிறைந்த மென்பகுதி. மரம் மெதுவாக வளர்ந்திருந்தால் மென்பகுதி குறையாது, கெட்டியான பகுதிதான் குறையும். வளையம் 2 முதல் 4 மி.மீ அகலம் இருக்கும் துண்டு நல்லது. ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகளில் கனமானதை எடுங்கள்.

ஆஷ் கிடைக்காமல் இதைப் படிப்பவர்களுக்கு: ஹிக்கரி இதைவிட முரட்டு மரம், கனமும் கூடுதல். ஒயிட் ஓக் நல்லது. கருவேலும் புளியும் அதிர்வை நன்றாகத் தாங்கும், ஆனால் ஆறடிக்கு நாரோட்டம் நேரான துண்டு அவற்றில் கிடைப்பதுதான் பாடு. தேக்கு கோணாமல் நிற்கும், பூச்சி அண்டாது. இருந்தும் மோதலுக்கு ஏற்ற மரமல்ல. பைன் வகைகளைத் தொடவே வேண்டாம்.

எட்டுப்பட்டை

மரம் பற்றி மேலே சொல்லியாச்சு, நான் இழைப்புக்கு வரேன்.

28 மி.மீ கம்புக்குத் தேய்மானத்துக்கு 1 சேர்த்து 29 மி.மீ சதுரம் வேணும், ஆனா உடனே அந்த அளவுக்கு அறுத்துடாதீங்க. 35 மி.மீ சதுரமா, நீளம் 195 செ.மீ இருக்கிற மாதிரி அறுத்து, ஒண்ணு ரெண்டு வாரம் காத்தோட்டமான இடத்துல கிடத்தி வையுங்க. பலகைக்குள்ள உலரும்போது தங்கின இறுக்கம் அறுத்தவுடனே விடுபடும், துண்டு கொஞ்சம் வளையும். வளைய வேண்டியதை இப்பவே வளையட்டும். அப்புறம் ஒரு முகத்தை நேராக்கி, அடுத்த முகத்தை மூலைமட்டம் வெச்சு 90 பாகைக்குக் கொண்டு வந்து, மத்த ரெண்டையும் கேஜ் கோட்டுக்கு இழைச்சு 29 மி.மீ சதுரம் ஆக்குங்க. முறுக்கு இருக்கான்னு பார்க்க ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு நேர்ச்சட்டத்தைக் குறுக்க வெச்சு, கண்ணை இறக்கி ஒண்ணு மேல ஒண்ணா பாருங்க. சதுரத்துல முறுக்கு விட்டுப்போனா எண்கோணத்தோட பட்டை அத்தனையும் கம்பைச் சுத்திக்கிட்டு ஓடும். சதுரம் சரியா அமைஞ்சா மீதி வேலை தானா வரும், அதனால பொறுமையெல்லாம் இங்கேயே செலவழியட்டும்.

கோடு கணக்கு: சதுரத்தோட பக்கத்தை 0.293 ஆல பெருக்குங்க. 29க்கு 8.5 மி.மீ. கேஜை 8.5ல வெச்சு நாலு முகத்துலயும் ரெண்டு ஓரத்துல இருந்தும் கோடு இழுத்தா, ஒவ்வொரு முகமும் 8.5, 12, 8.5ன்னு பிரியும். நடுவுல இருக்கிற 12 மி.மீ பட்டை நிக்கும், நாலு மூலையும் போகும். பெருக்கலே வேண்டாம்னா 7க்கு 10க்கு 7ங்கிற விகிதத்தை மனசுல வெச்சுக்குங்க, பாய்மரக் கம்பம் செய்றவங்க பிடிக்கிற கணக்கு அதுதான்.

அதுக்கு ஒரு கருவியே செஞ்சுக்கலாம். சின்னக் கட்டை ஒண்ணுல ரெண்டு முளை அடிங்க, முளைகளோட உள்விளிம்புக்கு நடுவுல 36 மி.மீ. அதுக்குள்ள 10.5, 15, 10.5ன்னு பிரிச்சு, பிரியுற ரெண்டு இடத்துலயும் பென்சில் முனை நுழையுற துளை. கட்டையைச் சதுரத்து மேல வெச்சு, ரெண்டு முளையும் பக்கத்தைத் தொடுற வரைக்கும் சாய்ச்சுப் பிடிச்சு இழுத்தா ரெண்டு கோடும் ஒரே இழுப்புல விழும். துண்டோட அகலம் மாறினாலும் விகிதம் மாறாது.

இழைக்க ஒரு தொட்டில் வேணும். ரெண்டு நீளச் சட்டத்தோட ஒவ்வொரு மூலையை 45 பாகைக்குச் சீவி, சீவின பக்கங்கள் எதிரெதிரா வர்ற மாதிரி ஒட்டினா நடுவுல வாய்க்கால் கிடைக்கும். முனையில ஒரு தடுப்புக்கட்டை. முழு நீளத்துக்கும் தாங்கல் இருக்கணும். ரெண்டு முனையை மட்டும் தாங்கினா இழைப்புளி அழுத்துறப்ப நடுப்பகுதி இறங்கிக்கும், முனைகள்தான் அதிகம் சீவப்படும், நடு தடிச்சுப் போகும்.

மூலைகளை வரிசையா எடுக்காம எதிரெதிரா எடுங்க. முதல் மூலை, அதுக்கு நேர் எதிர் மூலை, அப்புறம் மத்த ரெண்டு. முதல் முக்கால் பங்கை நடுத்தர இழைப்புளியில தடிமனாச் சீவலாம், கோட்டை நெருங்கும்போது அலகை உள்ள இழுத்து மெல்லிசாப் போங்க. ஒவ்வொரு பட்டையிலயும் எந்தத் திசையில சீவினா வழுவழுப்பா வருதோ அந்தத் திசைக்குப் பென்சில்ல அம்புக்குறி போட்டு வையுங்க. எதிர்நாரா போனா நார் பிய்ஞ்சு குழி விழும், அந்தக் குழியை எடுக்கப் போய் பருமன் குறையும்.

எண்கோணத்துல இருந்து பதினாறுக்குக் கோடு தேவையில்லை. ஒவ்வொரு விளிம்பையும் சீவுங்க; பழைய பட்டையில நடுவுல ஏறக்குறைய பாதி மிஞ்சும், அதாவது 6 மி.மீ கிட்ட. பதினாறு பட்டையும் கண்ணுக்கு ஒரே அகலமாத் தெரிஞ்சா சரி. முப்பத்திரண்டுக்கு ஒரு விளிம்புக்கு ரெண்டே இழுப்பு, எல்லா விளிம்புக்கும் அதே எண்ணிக்கை. இதுக்குச் சின்ன இழைப்புளி போதும், அலகு மட்டும் சவரக்கத்திப் பதத்துக்குத் தீட்டியிருக்கணும்.

எண்கோணத்துலயே நிறுத்திட்டு உப்புத்தாளால உருட்டிடலாம்னு தோணும். செய்யாதீங்க. தாள் வளையத்தோட மென்பகுதியை வேகமாத் தின்னும், கெட்டிப் பகுதியை விட்டுடும், கம்பு முட்டை வடிவத்துக்குப் போய் மேல அலை அலையா ஆயிடும். முப்பத்திரண்டு பட்டை வந்த பிறகுதான் தாள். 80 நம்பர்ல 5 செ.மீ அகலப் பட்டையாக் கிழிச்சு, கம்பைச் சுத்தி ரெண்டு கையாலயும் மாத்தி மாத்தி இழுங்க, அதே சமயம் நீளவாட்டுல நகர்ந்துகிட்டே இருங்க. ஒரே இடத்துல நின்னா அங்கே இடுப்பு விழும்.

உருண்டையைச் சோதிக்க, மெல்லிய பிளைவுட்ல 28 மி.மீ துளை போட்டு, உள்விளிம்புல பென்சில் கரியைத் தேய்ச்சு, கம்பை நுழைச்சு நகர்த்துங்க. மேடு இருக்கிற இடத்துல கரி ஒட்டும், அதை மட்டும் தேயுங்க. 20 செ.மீக்கு ஒரு தடவை காலிப்பரைக் குறுக்கும் நெடுக்கும் வெச்சுப் பாருங்க. 0.3 மி.மீ வித்தியாசம் இருந்தா விட்டுடலாம், காத்து ஈரத்துக்கு மரமே அவ்வளவு ஊதி இறங்கும்.

முனைகளை 182க்கு வெட்டுறது கடைசியில. இழைப்புளி முனையில எப்பவும் கொஞ்சம் அதிகமாக் கடிக்கும், அந்தப் பகுதி கூடுதல் நீளத்தோட வெட்டுப்பட்டுப் போகட்டும். வெட்டின விளிம்பை 3 மி.மீ சாய்ச்சு அரத்தால உருட்டுங்க. கூரா விட்டா முதல் குத்துலயே சில்லு பெயரும்.

தூசுமுகமூடி

ரூட்டர் பற்றி மட்டும். மூலையை வளைவாகச் செதுக்கும் அலகு, அடியில் பேரிங் (மரத்தைத் தொட்டு உருளும் வளையம்) வைத்தது, இரண்டு அளவில் யோசிப்பீர்கள். 28 மி.மீ சதுரத்துக்கு 14 மி.மீ ஆரம் என்பது காகிதக் கணக்கில் சரி. செய்யும்போது, அடுத்தடுத்த மூலைகளை எடுத்த பிறகு பேரிங் உருள்வதற்குத் தட்டையான இடமே இருக்காது, அலகு உள்ளே புகுந்து பள்ளம் வெட்டிவிடும். 12.7 மி.மீ ஆரம் எடுங்கள். ஒவ்வொரு முகத்திலும் 2.6 மி.மீ தட்டைப் பட்டை மிஞ்சும், பேரிங் அதில் ஓடும். அந்த நாலு பட்டையைச் சின்ன இழைப்புளியால் எடுத்துவிடலாம்.

இரண்டு முனையிலும் 8, 9 செ.மீயைச் சதுரமாகவே விடுங்கள், இல்லாவிட்டால் கடைசி மூலையை எடுக்கும்போது கம்பு உருளும். அதற்கு 2 மீட்டர் முழுவதும் வேண்டும், 195க்கு வெட்டிவிடாதீர்கள். ஒரே ஆழத்தில் எடுக்காமல் மூன்று தடவையாக எடுங்கள். முதலில் கையால் எண்கோணம் ஆக்கிவிட்டு ரூட்டரை ஓட்டினால் அலகுக்கு வேலை குறையும்; நார் சாயும் இடங்களில் நீளச் சிம்பாகப் பிய்ந்து பறப்பதும் குறையும். அலகு சுழலும் திசைக்கு எதிராகவே தள்ளுங்கள்.

பேரிங் முகத்தைப் பின்பற்றி ஓடும். முகம் வளைந்திருந்தால் வளைந்த கம்பையே உருட்டித் தரும். நேராக்கும் வேலை எப்படியும் இழைப்புளிக்குத்தான். ஒரே ஒரு கம்புக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையா என்றால், என் கருத்தில் தேவையில்லை. பத்துக் கம்பு செய்தால் ரூட்டர்.

புதுஉளி

நன்றி எல்லாருக்கும். 35 மி.மீ சதுரமா, 195 நீளத்துக்கு அறுத்தாச்சு. வில்லா வளைஞ்சு நடுவுல 6 மி.மீ தூக்கியிருக்கு. 29 வேணும்னா 35ல இருந்து 6 போனா மிச்சமே இல்லையே. தேறுமா, வேற துண்டு அறுக்கணுமா?

எட்டுப்பட்டை

கணக்கு இழுபறிதான், ஆனா தேறலாம். 6 மி.மீ தூக்கல் 195 செ.மீக்கு. முனைகளைக் கழிச்சு 184 செ.மீ மட்டும் பார்த்தா தூக்கல் 5.3 கிட்ட இறங்கும், ஏன்னா வளைவு நீளத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி குறையும். 35ல 5.3 போனா 29.7. முதல்ல 184க்கு வெட்டிட்டு அப்புறம் நேராக்குங்க. ஆனா முனைக் கடிக்கு இப்ப வெறும் 1 செ.மீதான் இருக்கு, முனைகிட்ட வரும்போது அழுத்தத்தை மாத்திப் பிடிக்கணும்: தொடங்கும்போது எடை முன்கையில, முடிக்கும்போது பின்கையில.

உடனே இழைக்காதீங்க. ஒரு வாரம் விட்டு மறுபடி அளங்க. 6லயே நின்னா இறுக்கம் தீர்ந்துடுச்சு. 8, 9ன்னு ஏறினா அது வேற சங்கதி. சாய்ஞ்சு வளர்ந்த மரத்தோட இழுவைப் பகுதி அந்தத் துண்டுல இருக்கு, நீங்க நேராக்க நேராக்க அது வளைஞ்சுகிட்டே இருக்கும். அதை வேற எதுக்காவது வெச்சுக்கிட்டு, பலகையோட மறு ஓரத்துல இருந்து புதுசா அறுங்க.

நாரோட்டம்

ஒன்று சேர்க்கிறேன். வளைந்த துண்டை நேராக இழைத்தால் நார் அறுபடுமே என்ற பயம் வரும். 195 செ.மீக்கு 6 மி.மீ வளைவில் முனையருகே ஏற்படும் சாய்வு 80க்கு 1தான், பொருட்படுத்த வேண்டாம். சூடு காட்டி நிமிர்த்துவதை முதல் வழியாக எடுக்காதீர்கள். முடிந்த கம்பில் பின்னால் 3, 4 மி.மீ வளைவு வந்தால் அப்போது வெப்பக்காற்றுக் கருவியால் வளைந்த பகுதியைக் கைபொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்து, எதிர்ப்பக்கம் சற்று அதிகமாகவே வளைத்து, ஆறும்வரை இறுக்கிக் கட்டி வைக்கலாம். மரம் பழுப்பேறினால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள், அந்த இடம் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும்.

முனைமெலிவு

முனை மெலியாத நேர்க்கம்புதான் வேணும்னு சொல்லிட்டீங்க, மோதல் பயிற்சிக்கு அது சரியான முடிவு. ஆனா 28 ஏன், 25 ஏன் கூடாதுன்னு யோசிச்சீங்களான்னு தெரியல, அதனால எண்களைப் போடறேன்.

ஜப்பானியத் தற்காப்புக் கலையில 'போ'ங்கற நீளக் கம்பு ஆறு ஷாகு, அதாவது 181.8 செ.மீ; ஷாகுங்கறது அவங்க நீள அளவு, ஒண்ணு 30.3 செ.மீ. உங்க 182 அதுதான். குட்டையான 'ஜோ' வகைக் கம்பு 128 செ.மீ கிட்ட, பருமன் 24 மி.மீ. சிலம்பக் கம்பு மூங்கில்லயோ பிரம்புலயோ இருக்கறதால அதோட கணக்கே வேற, இதோட ஒப்பிட வேண்டாம்.

182க்கு 28 மி.மீ ஆஷ் கம்பு 750 கிராம் கிட்ட வரும். அதே அளவு ஹிக்கரி 900ஐத் தாண்டும். 25 மி.மீக்கு இறங்கினா எடை ஐந்துல ஒரு பங்குதான் குறையும், ஆனா விறைப்பு பருமனோட நாலாவது படிக்கு ஏத்த மாதிரி மாறுறதால மூணுல ஒரு பங்குக்கு மேலயே போயிடும். முறிவு வலு 30 விழுக்காடு கிட்ட குறையும். ஆறடி நீளத்துல 25ங்கறது சுழற்ற சுகமா இருக்கும், தடுக்கும்போது துள்ளும்.

பின்னால முனை மெலிஞ்ச கம்பு செய்யறதா இருந்தா, நடு 60 செ.மீயை 28லயே விட்டு, அங்கிருந்து முனைக்கு 21ஆ இறக்கலாம். எடை 635 கிராம் கிட்ட வரும். குறையற எடை முழுக்க முனைப்பக்கம் குறையறதால சுழற்சியில தெரியற வித்தியாசம் தராசுல தெரியறதைவிட அதிகம். அதுக்குப் பதிலா இழக்கறது என்னன்னா, 21 மி.மீ முனையோட வலு 28ல பாதிக்கும் கீழ. மெலிவைச் சதுரமா இருக்கும்போதே நாலு முகத்துலயும் இறக்கிடணும். உருட்டின பிறகு மெலிக்கப் போனா மையக்கோடு நிச்சயம் விலகும். எட்டுப்பட்டை சொன்ன முளைக்கட்டையோட முழுப் பயன் இங்கேதான் தெரியும், மெலியற துண்டுலயும் கோடு தானா ஒடுங்கிகிட்டே போகும்.

எண்ணெய்த்துணி

பூச்சு, சோதனை இரண்டும் பாக்கி இருக்கின்றன.

80 நம்பர் தாளுக்குப் பின் 120, 180. கடைசிச் சுற்று மட்டும் நீளவாட்டில், குறுக்குக் கீறல்கள் மறையும் வரை. பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து முழுக்க உலர விடுங்கள். நசுங்கிப் படுத்திருந்த நார்கள் எழுந்து சொரசொரப்பாகும். 220ஆல் மேலோட்டமாகத் தடவி அவற்றை எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் கை வியர்வையே அந்த வேலையைப் பின்னால் செய்யும். 220க்கு மேல் போகாதீர்கள், கண்ணாடி போல வழுக்கும் கம்பு கையில் நிற்காது.

எண்ணெய்தான், வார்னிஷ் வேண்டாம். வார்னிஷும் பாலியூரித்தேனும் மேலே படலமாக நிற்கும். வியர்த்த கை அதில் ஒட்டும்; சறுக்கிப் பிடி மாற்றும்போது தோல் இழுபடும். அடிபட்ட இடத்தில் படலம் சில்லாகப் பெயர்ந்து விரலைக் கிழிக்கும். அதைவிட முக்கியம், அடியில் ஓடும் மயிரிழை வெடிப்பை அது மறைத்துவிடும்.

ஆளி விதை எண்ணெயில் சீக்கிரம் உலரும்படி பதப்படுத்தியதை வாங்குங்கள். பச்சை எண்ணெய் உலர வாரக்கணக்காகும். டங் எண்ணெயும் நல்லது. தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் இரண்டும் உலரவே உலராது, பிசுபிசுப்பும் தூசியும்தான் மிஞ்சும். முதல் பூச்சு பாதிக்குப் பாதி டர்பென்டைன் கலந்து, உள்ளே இறங்குவதற்காக. 15, 20 நிமிடம் ஊறவிட்டு, மேலே மிதப்பதை ஒட்டத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டது பிசினாகக் கெட்டியாகும். ஒரு நாள் இடைவெளி விட்டு இன்னும் இரண்டு பூச்சு, கலப்பில்லாமல். வெட்டுமுனைகள் குடித்துக்கொண்டே இருக்கும், அவை நிறுத்தும்வரை கொடுங்கள்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. ஆளி எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது வெப்பம் வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தங்கி, தீப்பொறி எதுவும் இல்லாமலே பற்றிக்கொள்ளும். வெளியில் ஒற்றைப் படலமாக விரித்து விறைப்பாகும்வரை காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த மூடிபோட்ட டப்பாவில் போடுங்கள்.

சோதனையை எண்ணெய் போடும் முன்பே செய்துவிடுங்கள், தவறினால் எண்ணெயாவது மிஞ்சும். முதலில் ஒலி. முனையிலிருந்து 41 செ.மீ தள்ளி இரு விரலால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, நடுவில் சின்ன மரச்சுத்தியால் தட்டுங்கள். கம்பு அதிரும்போது அசையாமல் நிற்கும் புள்ளிகளில் ஒன்று அது, விரல் ஒலியை அமுக்காது. கணீரென்று நீண்டு ஒலித்தால் நல்லது. சொத்தென்று செத்த ஒலி வந்தால் எங்கோ உள்வெடிப்பு.

அடுத்தது எடை. 160 செ.மீ இடைவெளியில் இரண்டு கட்டைகள் மேல் கம்பைக் கிடத்தி, நடுவில் 20 கிலோவை மெதுவாகத் தொங்கவிடுங்கள். தரையிலிருந்து எடை ஒரு சாண் உயரத்துக்கு மேல் தொங்க வேண்டாம், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். 28 மி.மீ ஆஷ் நடுவில் 4.5 முதல் 5 செ.மீ வரை இறங்கும். கால் சுற்று சுற்றி மறுபடி, இப்படி நாலு பக்கமும். எடையை எடுத்ததும் கம்பு பழைய கோட்டுக்கே திரும்ப வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் 1 செ.மீ கூடுதலாக இறங்கினாலோ, 'டிக்' என்று ஓர் ஒலி வந்தாலோ அதை மோதலுக்குக் கொடுக்காதீர்கள். நல்ல ஆஷ் முறியும் அழுத்தத்தில் இந்த 20 கிலோ தருவது பாதிக்கும் குறைவு, எனவே சோதனையே கம்பைக் கெடுத்துவிடும் என்று தயங்க வேண்டியதில்லை.

புதுஉளி

அருமை. ஒரே ஒரு சின்ன சந்தேகம் பாக்கி. மோதின இடத்துல பள்ளம் விழும்ல, அதை என்ன செய்யறது? எப்போ கம்பைக் கழிச்சுக் கட்டணும்?

எண்ணெய்த்துணி

பள்ளம் வேறு, வெடிப்பு வேறு. நார் அறுபடாமல் நசுங்கிய பள்ளமென்றால் ஈரத்துணியை மேலே வைத்து இஸ்திரிப்பெட்டியால் சில நொடிகள் அழுத்துங்கள், ஆவி உள்ளே போய் நார் பெருமளவு எழும்பும். உலர்ந்த பின் 220 தாள், ஒரு சொட்டு எண்ணெய். நார் அறுந்திருந்தால் எழும்பாது. சிராயை மட்டும் வெட்டித் தேய்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் ஒரு பஞ்சுத் துண்டைக் கம்பு முழுக்க இரு திசையிலும் ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத சிராயில் பஞ்சு சிக்கும். ஆஷ் மரத்தில் வளையம் படுக்கையாக இருக்கும் பக்கத்தில் திரும்பத் திரும்ப அடி விழுந்தால் மென்பகுதி நசுங்கி, மேல் அடுக்கு செதில் செதிலாக எழும். எனவே ஒரே பக்கத்தால் தடுக்காமல் கம்பைக் கையில் திருப்பித் திருப்பிப் பிடிக்கப் பழகுங்கள். நீளவாட்டில் நகம் மாட்டும் அளவு வெடிப்பு வந்தாலோ, ஒலி செத்துப்போனாலோ அத்தோடு சரி. பசை ஊற்றி நூல் சுற்றினால் வெளியே மூடிக்கொள்ளும், உள்ளே மூடாது. நல்ல பகுதி 130 செ.மீ மிஞ்சினால் ஜோ அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம், வெடிப்பின் முனையிலிருந்து குறைந்தது 15 செ.மீ தள்ளி வெட்டுங்கள், நூலிழையாக அது கண்ணுக்குத் தெரிவதைவிட நீளமாகவே ஓடியிருக்கும்.

சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், மாதங்கள் போனால் வளைந்தே போகும். மூன்று இடத்தில் தாங்கிக் கிடையாகவோ, ஒரு முனையைக் கட்டி நேராகத் தொங்கவிட்டோ வையுங்கள். வெயில் விழும் ஜன்னலும் பூட்டிய வண்டியும் ஆகாது.